உள்ளே: யாரும் இல்லை

அத்தியாயம் ஆறு

போடிநாயக்கனூரில் துப்பறியும் தொழில் நடத்தக் கொஞ்சம் தைரியமும் நிறைய டீயும் வேண்டும். எங்களிடம் வரும் பத்துக் கேஸில் ஒன்பது, 'மாப்பிள்ளை குடிப்பாரா, திருப்பூரில் இன்னொரு குடித்தனம் இருக்கிறதா' என்கிற விசாரணைதான். அந்த மாப்பிள்ளைகளில் பாதிப் பேரை நானே என் ஜீப்பில் ஏற்றி இறக்கியிருப்பதால் ஜெயபாக்கியம் அக்காவுக்கு வேலை மிச்சம். என் பெயர் பிரேம்சிங். எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தேன். இப்போது அக்காவை மட்டும் ஏற்றுகிறேன். வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள். சம்பளம் சுருக்கம் என்பதால் எங்காவது ஒரு இடத்தில் நீளம் வேண்டுமல்லவா?

பத்தாவது கேஸ் அந்தச் சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு, மாடிப்படியில் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஏறி வந்தது.

வந்தவர் மகாராணி. சிலமலைக்காரர், ஐம்பது வயது. குரங்கணிக்கு மேலே தங்கபாண்டியன் எஸ்டேட்டில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை. அவர் கணவர் ராக்கையாவும் அங்கேயேதான். செவ்வாய்க்கிழமை மதியம் ராக்கையாவை அந்த ஸ்டோரின் சூட்டறையிலிருந்து பிணமாகத் தூக்கினார்கள். உள்ளே புகைக்குழாய் விரிசல் விட்டு அறை முழுக்கப் புகை. கதவு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது. காரியம்கூட முடியாத வீட்டிலிருந்து, சொந்தக்காரர்கள் தடுத்தும் கேட்காமல் கிளம்பி வந்திருந்தார்.

"எட்டுத் தடவை சொல்லிட்டேன்க்கா. நான் தாழ்ப்பாள் போட்டப்ப உள்ள ஆள் இல்ல. மணி பத்து நாப்பது. என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

"எந்தக் கடிகாரத்துல பாத்தே?" என்றார் அக்கா.

"கதவுக்குப் பக்கத்துல மணி காட்டுற கம்ப்யூட்டர் சிலேட்டு ஒண்ணு மாட்டியிருந்துச்சு, அதுல. மணி பத்து நாப்பது, சூடு அம்பத்தொண்ணு, உள்ளே யாரும் இல்லைன்னு போட்டிருந்துச்சு. டீத்தூக்கைக் கழுவக் கொண்டுபோனேன். கதவு சும்மா சாத்துனாப்புல இருந்துச்சு. சூடு வீணாப் போகுமேன்னு தாழ்ப்பாளத் தள்ளி விட்டேன்."

"உன் வீட்டுக்காரர் அந்நேரம் எங்க?"

"ஜீப்புல விறகு வந்துச்சு, எறக்கிக்கிட்டு இருந்தாரு. பத்து அம்பது வரைக்கும் அங்கதான் நின்னாருன்னு நாலு பேரு சொல்றாங்க. அப்ப என்ன அர்த்தம்? நான் போட்ட தாழ்ப்பாள அவரு தெறந்து உள்ள போயிருக்காரு. பின்னாடியே எவனோ வந்து பூட்டியிருக்கான். எவனோ என்ன, சீனிச்சாமிதான்!"

சீனிச்சாமி அந்த ஸ்டோரின் சூப்பர்வைசர். திங்கட்கிழமை ஈர விறகு போட்டதற்காக ராக்கையாவோடு சண்டை பிடித்து, 'உன்னைய உள்ள வச்சுப் பூட்டுறேன் பாரு' என்று எல்லார் முன்னிலையிலும் கத்தியிருக்கிறார். நல்ல மனுஷன் வாயில் சனி. மகாராணி கொடுத்த புகாரில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவரை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போய்விட்டார்கள்.

"இன்னிக்கு அஞ்சு மணிக்கு அவனைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோறாங்க. உன் வாய்ச்சொல் மட்டும் பத்தாதும்மா, அந்தச் சிலேட்டு இருந்தா பலமா இருக்கும்ங்கிறாரு இன்ஸ்பெக்டரு. அதைக் காணோம். போலீசு வர்றதுக்கு முன்னாடியே எவனோ கழட்டிட்டான்." மகாராணி அக்காவின் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு வேற ஒண்ணும் வேணாம்க்கா. எவன் கை அந்தத் தாழ்ப்பாளத் தள்ளுச்சுன்னு தெரியணும். தெரியாம சோறு எறங்க மாட்டேங்குது."

அக்காவுக்கு ஐம்பத்து நான்கு வயது. இருபது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அடுத்தவர் பேச்சைக் கேட்டே பழகியவர். இப்போதும் கேட்பதுதான் அவருடைய தொழில். மேஜை இழுப்பறையைப் பூட்டிவிட்டு எழுந்தார்.

"பிரேமு, வண்டிய எடு."

"எடுத்துட்டேன்க்கா. நீங்க ஏறலை, அவ்வளவுதான்."

* * *

முந்தலில் திரும்பிக் குரங்கணிக்குப் போய், அங்கிருந்து ஜீப் மட்டும் ஏறுகிற பாதையில் முதுகெலும்பை எண்ணிக்கொண்டே மேலே போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை. மழை விட்டிருந்தது. ஸ்டோர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை: தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம், பின்புறம் விறகு அடுப்பு, நடுவில் சூட்டறை. அந்த அறையில் தட்டுத் தட்டாகப் பச்சை ஏலக்காயைப் பரப்பி ஒரு நாள் முழுக்கக் காய வைப்பார்கள். நடுநடுவே யாராவது உள்ளே போய் அரை மணி நேரமாவது கிளறிவிட்டு வர வேண்டும்.

கதவின் வலப்பக்கச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்குப் புகை படியாத சுண்ணாம்பு பளிச்சென்று தெரிந்தது. சிலேட்டு இருந்த இடம். அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன தெரியுது பிரேமு?"

"சுவரு தெரியுதுக்கா. இதுக்கு மேல தெரிஞ்சா நான் ஏன் ஜீப் ஓட்டுறேன்?"

"நாலு ஓட்டை. நாலுலயும் திருகாணி திரும்ப மாட்டியிருக்கு பாரு. திருடுறவன் திருகாணியக் கீழ போட்டுட்டு ஓடுவான். இவன் கழட்டிட்டு, ஒவ்வொண்ணா அதே எடத்துல முடுக்கிட்டுப் போயிருக்கான். பொருள் மேல பாசம் இருக்கிறவன். அதைச் செஞ்சவன்."

ஸ்டோரில் வேலை பார்க்கும் பொன்னுமணி பக்கத்தில் நின்று வாயைத் துணியால் பொத்திக்கொண்டு கேட்டார். அவரிடம் அக்கா திரும்பினார். "அந்தச் சிலேட்டை வச்சது யாரும்மா?"

"போடியில கம்ப்யூட்டர் கடை வச்சிருக்குல்ல, வினோத்குமாரு. அது செஞ்சதுதான். மொதலாளி சொல்லி வச்சுச்சு." பொன்னுமணி கதவைக் காட்டினார். "முன்னாடியெல்லாம் உள்ள போறவங்க துண்டைத் தாழ்ப்பாள்ல தொங்கவிட்டுட்டுப் போவாங்க. துண்டு தொங்குனா எவனும் கதவத் தொடமாட்டான். சிலேட்டு வந்ததும் துண்டு எழுத்த மறைக்குதுன்னு விட்டுட்டோம். பொத்தான அமுக்குனா 'ஒரு ஆள்'னு வரும். வெளிய வந்து அமுக்குனா 'யாரும் இல்லை'ன்னு வரும்."

"நல்லா வேலை செஞ்சுச்சா?"

"ஒரு குத்தம் சொல்ல முடியாதுக்கா. மொதல்ல மட்டும் நிமிசத்துக்கு ஒருக்கா கருப்பு வெள்ளை, கருப்பு வெள்ளைன்னு கண்ணைச் சிமிட்டும். ராக்கையா அண்ணனுக்குப் புடிக்கல. 'தம்பி, பக்கத்துல நின்னு எவனோ கண்ணடிக்கிறாப்புல இருக்கு, நிப்பாட்டுப்பா'ன்னாரு. வினோத்து ஏதோ பண்ணி நிப்பாட்டிக் குடுத்துச்சு. அப்புறம் எழுத்து மட்டும் சத்தமில்லாம மாறும்."

"என்னைய எதுவும் கண்ணடிக்காது. அடிச்சா நான் நிப்பாட்டச் சொல்ல மாட்டேன்" என்றேன். பொன்னுமணி சிரிக்கவில்லை. அந்தக் கதவுக்கு முன்னால் நின்று அப்படிப் பேசியது எனக்கே பிறகு கூச்சமாக இருந்தது.

கீழே எங்கோ விசில் ஊதியது. பதினோரு மணி. பத்து நிமிஷம் கழித்து ஓர் ஆள் தூக்குவாளியில் டீ கொண்டுவந்தார். பொன்னுமணி எங்களுக்கும் ஊற்றிக் கொடுத்தார்.

"தினமும் இந்நேரந்தானா டீ?" என்றார் அக்கா.

"விசில் ஊதாம வராது. செவ்வாக்கிழமையும் இதே நேரந்தான். அண்ணன் மட்டும் டீக்கு வரல. விறகு ஜீப்போட கீழ போயிட்டாருன்னு நெனச்சோம். நல்ல மழை வேற, அடிச்சு ஊத்துது. எவரும் எட்டிப் பாக்கல."

அக்கா டீயைப் பாதியில் வைத்துவிட்டார். அக்கா டீயை மீதி வைத்து நான் பார்த்ததே இல்லை. என்ன என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, சூடா இருக்கு" என்றார். அதில் ஆவியே இல்லை.

"இந்த வினோத்து வேற எங்கயாச்சும் இது மாதிரி வச்சிருக்கா?"

"போடிமெட்டுல டீக்கடையில பஸ்சு நேரம் போட்டு ஒண்ணு வச்சிருக்காம்."

* * *

வினோத்குமாரின் கடை செவ்வாய்க்கிழமையிலிருந்து பூட்டியிருந்தது. போன் அணைத்திருந்தது. அம்மாவிடம் மதுரைக்குப் போவதாகச் சொல்லியிருந்தான். எனக்கு எல்லாம் ஒரே நேர்கோட்டில் விழுந்தது. தடயத்தைக் கழற்றியவன் ஓடி ஒளிகிறான். சீனிச்சாமிக்கும் இவனுக்கும் ஏதோ கூட்டு.

"மதுரைக்குப் போவமாக்கா?"

"போடிமெட்டுக்குப் போ."

"அங்க டீக்கடையில பஸ்சு நேரம்தான் இருக்கு. ஓடிப் போனவன் பஸ்சு நேரம் பாத்துட்டா ஓடுவான்?"

"ஒரு வீட்டுல ஒரு கொத்தனாரு கட்டுன சுவரு இடிஞ்சு போச்சுன்னு வை. அவன் நெசமாவே நல்லவனா இருந்தா அடுத்து எங்க போவான்? அவன் கட்டுன இன்னொரு சுவரைப் பாக்கப் போவான்."

சரி என்று கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினேன். ஒவ்வொரு வளைவிலும் என் சந்தேகம் வலுத்தது. பாதிக்கு மேல் பனிமூட்டம். முன்னால் போகிற லாரியின் பின்விளக்கு மட்டும்தான் பாதை. மெட்டில் ஏறி நிறுத்தியபோது மணி ஒன்று.

டீக்கடைக்குள் ஸ்டூல் மேல் ஏறி நின்று, ஒல்லியாக ஒருவன் சுவரில் திருகாணி கழற்றிக்கொண்டிருந்தான். இருபத்தெட்டு, இருபத்தொன்பது வயது இருக்கும். கடைக்காரர் அவனிடம், "எந்தா மோனே, நல்லா ஓடிட்டிருந்த சாதனத்த எதுக்குக் கழட்டுற?" என்று பாதி மலையாளத்தில் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வினோத்குமார்" என்றார் அக்கா.

அவன் ஓடவில்லை. ஸ்டூலிலிருந்து இறங்கி, அதிலேயே உட்கார்ந்துவிட்டான். துரத்திப் பிடிக்க வேண்டியிருக்கும் என்று நான் சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தேன். வீணாய்ப் போனது.

"கொண்டா" என்றார் அக்கா.

தோள்பையிலிருந்து ஒரு பனியன் துணிப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தான். வெளிர்சாம்பல் நிறத்தில் சின்னத் திரை. அச்சடித்த தாளைக் கண்ணாடிக்குள் வைத்ததுபோல் எழுத்துகள். பின்னால் கட்டைவிரல் அகலத்துக்கு திரையை இயக்கும் பலகை ('மைக்ரோகன்ட்ரோலர்' என்றான்), கழற்றிவிட்ட பேட்டரி வயர். திரையில் மூன்று வரி.

மணி 10:40
சூடு 51
உள்ளே: யாரும் இல்லை

நான் துள்ளிவிட்டேன். "அக்கா! அந்தம்மா சொன்னது அப்படியே இருக்கு! பத்து நாப்பது, அம்பத்தொண்ணு, யாரும் இல்லை. ஒரு சொல்லு பிசகல. இது போதும்க்கா, இதை மறைச்சவனும் உள்ள, சீனிச்சாமியும் உள்ள. வாங்க, வெரசா போயிருவோம்."

அக்கா என்னைப் பார்க்கவே இல்லை.

"தம்பி, இதைச் சுவத்துலருந்து எப்ப கழட்டுனே?"

"ரெண்டு மணிக்கு மேடம். சேதி கேட்டு எஸ்டேட்டுக்கு ஓடுனேன், அதுக்குள்ள அவரைத் தூக்கிட்டுப் போயிருந்தாங்க."

"கழட்டுறப்ப இதுல என்ன எழுதியிருந்துச்சு?"

வினோத்குமார் தலையைக் குனிந்துகொண்டான். "இதேதான் மேடம்."

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. இதேதான் என்றால் நல்லதுதானே என்று வாயெடுத்தேன். அதற்குள் அக்கா கேட்டார். "ரெண்டு மணிக்குக் கழட்டுன கடிகாரம் ஏன் பத்து நாப்பது காட்டுது?"

டீக்கடையில் பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. கடைக்காரர் ஓடினார்.

"பத்து நாப்பதுக்கே செத்துப் போச்சு மேடம்" என்றான் வினோத்குமார். "மூணு நாளா மழை. சோலார்ல சார்ஜ் ஏறல. இந்தக் கடைசிச் சுழியத்த உத்துப் பாருங்க. நடுவுல லேசா ஒரு கோடு தெரியுதா? அது நாப்பத்தொண்ணோட 'ஒண்ணு'. எழுத ஆரம்பிச்சுப் பாதியிலயே பேட்டரி நின்னுருச்சு."

"செத்தா எழுத்தும் போயிரணும்ல? என் போன் அப்படித்தான் போகும்" என்றேன்.

"இது போன் திரை இல்லண்ணே. இது மின்தாள். எழுதுறதுக்கு மட்டுந்தான் கரன்ட் வேணும். எழுதுனது நிக்கிறதுக்கு வேணாம். பேட்டரியப் புடுங்கிப் போட்டாலும் மாசக்கணக்குல அப்படியே இருக்கும்." பேட்டரி வயரை விரலில் சுற்றினான். "மொதலாளிகிட்ட அப்படித்தான் செஞ்சு காட்டுனேன். எல்லாரும் நிக்கிறப்ப பேட்டரியக் கழட்டிக் காட்டுனேன். கரன்ட் போனாலும் எழுத்து அழியாதுன்னு சொன்னேன். கைதட்டுனாங்கண்ணே. ராக்கையா ஐயாவும் தட்டுனாரு."

அக்கா அவன் தோளில் கை வைத்தார். "சிமிட்டுனதை ஏன் நிப்பாட்டுனே?"

"முழுத் திரையையும் அழிச்சு எழுதுனா அப்படித்தான் சிமிட்டும் மேடம். அவரு வேணாம்னாரு. அதனால மாறுற கட்டத்த மட்டும் அழிச்சு எழுதுற மாதிரி மாத்துனேன். நிமிஷம் மாறுனா நிமிஷம் மட்டும். ஆள் மாறுனா அந்த வரி மட்டும். மத்தது அசையாது. பழைய எழுத்தோட நிழல் கொஞ்சம் தங்கும், அவ்வளவுதான்." திரையின் கீழ்வரியைக் காட்டினான். 'யாரும் இல்லை' என்பதற்கு அடியில், மிக மங்கலாக 'ஒரு ஆள்' என்று தெரிந்தது. அன்று காலையில் யாரோ உள்ளே போய் வந்ததன் நிழல். ராக்கையாவாகத்தான் இருக்கும். "சிமிட்டுறது இருந்திருந்தா, சிமிட்டலையே, செத்துருச்சேன்னு யாராச்சும் பாத்திருப்பாங்க. இப்ப உயிரோட இருந்தாலும் செத்தாலும் பாக்க ஒரே மாதிரி."

மடித்துவிட்டிருந்த சட்டைக் கையை நான் மெல்ல இறக்கிவிட்டேன்.

அக்கா மெதுவாகச் சொன்னார், எனக்காக இல்லை, தனக்கே சொல்லிக்கொள்வதுபோல. "ராக்கையா பத்து அம்பதுக்கு விறகை எறக்கிட்டுப் போயிருக்காரு. பொத்தான அமுக்கியிருக்காரு. அது செத்துக் கெடந்துச்சு. பாக்காம உள்ள போயிட்டாரு, கதவச் சாத்திக்கிட்டாரு. பதினொண்ணுக்கு விசில். அதுக்கப்புறம் டீ. டீ குடிச்சப்புறந்தான் தூக்கைக் கழுவணும்."

"அக்கா..."

"மகாராணி தூக்கைக் கழுவக் கொண்டுபோறப்ப பதினொண்ணேகால் தாண்டியிருக்கும் பிரேமு. இதைப் பாத்துட்டுத்தான் பத்து நாப்பதுங்கிறா. இதைப் பாத்துட்டுத்தான் உள்ள யாரும் இல்லைன்னு தாழ்ப்பாளத் தள்ளியிருக்கா. அவளுக்கப்புறம் அந்தக் கதவை எவனும் தொடல."

வாய் நீளம் என்று சொன்னேனே. அன்றைக்கு அது எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

* * *

கீழே இறங்கும்போது வினோத்குமார் பின்சீட்டில் இருந்தான். எட்டாவது வளைவில் பேசினான்.

"மேடம், நான்தான் பூட்டுனேன்னு சொல்லிருங்க. சிலேட்டைக் கழட்டுனதும் நான்தான். எல்லாரும் நம்புவாங்க."

"இத்தனை நாள்ல ஒரு தடவை வயரை மாட்டியிருந்தீன்னா என்னாகும்?"

"முழுசா அழிச்சுட்டுப் புதுசா எழுத ஆரம்பிக்கும். இதெல்லாம் போயிரும்."

"ஏன் மாட்டல?"

அவன் தோள்பையை மடியில் இறுக்கிக்கொண்டான்.

நான் கேட்டேன். "இதை யாருக்கும் காட்டாம ஆத்துல போட்டா என்னக்கா? அந்தம்மாவுக்குத் தெரியவே வேணாம்."

"போட்டா சாயங்காலம் சீனிச்சாமி உள்ள போவான்."

"காட்டினா?"

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எத்தனையோ வீட்டில் எத்தனையோ உண்மையைச் சொல்லியிருக்கிறோம். அப்போதெல்லாம் நாங்கள் சொன்னது யாருக்காவது உதவியது. இதில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு ஆள் நாசமாகிறார். எனக்கு வண்டியை நிறுத்திவிட்டு எங்காவது நடந்து போய்விடலாம் என்றிருந்தது. ஆனாலும் பிரேக்கில் கால் வைத்தபடி இறங்கிக்கொண்டுதான் இருந்தேன்.

சிலமலையில் மகாராணி வீட்டு வாசலில் பந்தலுக்குக் கீழே ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஜீப் சத்தம் கேட்டதுமே மகாராணி வெளியே வந்துவிட்டார். வினோத்குமாரால் வண்டியை விட்டு இறங்க முடியவில்லை.

"கெடச்சுச்சாக்கா?"

அக்கா கொடுத்தார். மகாராணி இரண்டு கையாலும் வாங்கி, உதட்டை அசைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். முகம் மலர்ந்தது. இறப்பு நடந்த வீட்டில் அப்படி ஒரு முகத்தைப் பார்ப்பது கொடுமை.

"பாத்தீங்களா? பத்து நாப்பது. யாரும் இல்லை. நான் சொன்னதுல ஒரு எழுத்து மாறல. எல்லாம் என்னைய, நீ சரியாப் பாத்தியா, சரியாப் பாத்தியான்னு கேட்டாங்கக்கா. அண்ணே, இங்க வாங்க, வந்து பாருங்க!"

அவருடைய அண்ணன் கன்னையன் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். பிறகு தன் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். "என்னாத்தா இது? மணி மூணேகால் ஆச்சு. இது பத்து நாப்பதுங்குது?"

"அது..." என்று மகாராணி சொல்ல வந்து நின்றார். அக்காவைப் பார்த்தார்.

"அது நின்னு போச்சு மகாராணி" என்றார் அக்கா. "செவ்வாக்கிழமை பத்து நாப்பதுக்கே நின்னு போச்சு. எழுத்து மட்டும் அப்படியே நிக்குது."

"அப்ப நான் பாத்தது?"

"அந்தப் பழைய எழுத்தைத்தான். நீ டீ குடிச்சுட்டுத்தான தூக்கைக் கழுவப் போனே?"

மகாராணி கணக்குப் போடுவதை நான் பார்த்தேன். விசில், டீ, தூக்கு, கதவு. அது முடிந்த இடமும் தெரிந்தது. அவர் அழவில்லை. அழுதிருந்தால் நாங்கள் தேற்றவாவது செய்திருப்போம்.

"தூக்குல அன்னைக்கு ஒரே கரி. தேய்ச்சுக்கிட்டே இருந்தேன்" என்றார். "குழாயடியிலதான் இருந்தேன். கதவுலருந்து பத்தடி கூட இருக்காது. தட்டியிருப்பாருல்லக்கா?"

"நல்ல மழை மகாராணி. தகரத்து மேல மழை விழுந்தா..."

"நான் மழையக் கேக்கல. தட்டியிருப்பாரான்னு கேட்டேன்."

பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் சொன்னதைச் சொல்லலாம், புகை இரண்டு நிமிஷத்தில் மயக்கிவிடுமென்று. அந்த இரண்டு நிமிஷத்தை யார் சொல்வது?

மகாராணி திரையை அக்காவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு முந்தானையால் கையைத் துடைத்தார். கன்னையன் ஏதோ கேட்டார். அவர் காதில் வாங்கவில்லை. நேராக வந்து ஜீப்பில் ஏறினார்.

"எடுங்கண்ணே. அஞ்சு மணிக்குள்ள போகணும்."

* * *

ஸ்டேஷனில் சீனிச்சாமி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஒரே ராத்திரியில் பத்து வயது கூடியிருந்தது. மகாராணியைப் பார்த்ததும் பயந்து எழுந்து நின்றார். இன்ஸ்பெக்டர், அக்கா சொன்னதையும் வினோத்குமார் சொன்னதையும் பொறுமையாகக் கேட்டார், திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மகாராணியிடம் கொஞ்சம் தயங்கி, "அப்ப தாழ்ப்பாள் போட்டது யாருன்னும்மா எழுதுறது?" என்றார்.

"நான்தான் சார். என் பேரைப் போட்டுக்கங்க. இவரை விட்டுருங்க, இவரு வீட்டுல தேடுவாங்க."

ரைட்டர் பேனாவைத் திறந்தார். சீனிச்சாமி இரண்டு அடி முன்னால் வந்தார். நேற்றிலிருந்து அவர் மனசுக்குள் இந்த அம்மாவை எப்படியெல்லாம் திட்டியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் இப்போது ரைட்டரின் பேனாவை மறித்துக் கை நீட்டினார்.

"அந்தம்மா சொல்றத எழுதாதீங்க சார். அதுல யாரும் இல்லைன்னு போட்டிருந்துச்சுன்னா நானும் பூட்டியிருப்பேன். பொன்னுமணியும் பூட்டியிருப்பா. அந்த எடத்துல எவன் வந்திருந்தாலும் பூட்டியிருப்பான் சார்."

மகாராணி அவரைத் திரும்பிப் பார்த்தார். அதில் கோபம் இல்லை.

"நீ பூட்டலையேப்பா" என்றார்.